யாழ்ப்பாணத் தமிழில் உணர்வு வகைப்பாடு: இறுதியாண்டு ஆய்வொன்றை அடியிலிருந்து செய்யும் முறை

பெரிய ஆய்வுகூடங்களிடம் ஜிபியூ (மொடல்களைப் பயிற்றும் வேகமான கணிப்பான்) நிறைய இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் ஒன்லைனில் எழுதும் தமிழை வாசித்து, அது பாராட்டா நக்கலா என்று சொல்லக்கூடிய ஆட்கள் இல்லை. திருநெல்வேலியில் விஞ்ஞான பீடத்திலோ கிளிநொச்சியில் பொறியியல் பீடத்திலோ இறுதியாண்டு ஆய்வு செய்பவருக்கு நிலைமை நேர்மாறு. ஆகவே இங்கே சொல்லப்படுவது, உரையை வாசித்து அதன் வகையைச் சொல்லும் புதிய மொடல் ஒன்றைக் கட்டும் வழி அல்ல. யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் காணொளிகளின் கீழ் எழுதப்படும் 3000 கருத்துகளைச் சேர்த்து, ஒவ்வொன்றும் எந்த வகை என்று லேபல் இட்டு, ஏற்கெனவே உள்ள மொடல்கள் அதில் எவ்வளவு தேறுகின்றன என்று அளக்கும் வழி. கையிலுள்ள காலத்தில் பாதியைத் தரவுக்கு ஒதுக்குங்கள். மொடல் ஓட்டுவதற்கு இரண்டு, மூன்று கிழமை போதும்.

கேள்வி

"தமிழில் உணர்வுப் பகுப்பாய்வு" என்பது தலைப்பு மட்டுமே. கேள்வி என்றால் விடை ஓர் அட்டவணைக்குள் அடங்க வேண்டும். உதாரணமாக: தமிழ்நாட்டுக் கருத்துகளில் பயிற்றிய மொடல் யாழ்ப்பாணக் கருத்துகளில் எவ்வளவு சறுக்குகிறது? பயிற்சியில் 500, 1000, 1500 என்று யாழ்ப்பாணத் தரவைச் சேர்க்கச் சேர்க்க அந்த இடைவெளி எவ்வளவு குறைகிறது? இந்த அட்டவணையை வெறுமையாக வரைந்து, வரிசையும் நிரலும் எழுதி, முதற் சந்திப்பிலேயே மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். எந்த எண் எங்கே வந்தால் என்ன பொருள் என்று அவருக்குச் சொல்ல முடியாவிட்டால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

இந்தக் கேள்வியில் ஒரு பொறி உண்டு. பொதுவில் கிடைக்கும் தமிழ் உணர்வுத் தரவில் பெரும்பங்கு திரைப்பட முன்னோட்டங்களின் கீழ் எழுதப்பட்ட கருத்துகள்; திராவிடியன்கோட்மிக்ஸ் என்ற, ஆங்கிலம் கலந்த திராவிட மொழிக் கருத்துத் தொகுப்பின் தமிழ்ப் பகுதியும் அப்படித்தான். அதில் பயிற்றிய மொடல் யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கருத்தில் விழுந்தால், விழுத்தியது வட்டார வழக்கா, பேசுபொருள் மாறியதா என்று பிரிக்க முடியாது. பரிசோதகர் கேட்கும் முதற் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டுச் சாப்பாட்டுக் காணொளிகளிலிருந்து இன்னும் 500 கருத்துகளை எடுத்து, அதே விதிகளின்படி, அதே ஆட்களைக் கொண்டு லேபல் இடுவித்தால் இரண்டும் பிரியும். கூடுதல் வேலை சில நாள்தான், ஆனால் ஆய்வு நிற்பதே இதில்.

அனுமதியும் சேகரிப்பும்

நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தைச் சேகரிப்புக்கு முன்னரே கொடுங்கள். எடுத்து முடித்த தரவுக்குப் பின்திகதியிட்டு யாரும் அனுமதி தர மாட்டார்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனர் பெயரை முதற் கட்டத்திலேயே நீக்குங்கள். சாப்பாட்டுக் காணொளிகளின் கீழ் ஓடருக்கென்று தொலைபேசி இலக்கம் போடுபவர்கள் அதிகம், எனவே பத்து இலக்கத் தொடர்களைத் தேடி அழிக்க ஒரு வரி ஸ்கிரிப்ட் கட்டாயம். +94 என்று தொடங்குவதையும், இடைவெளி விட்டு எழுதியதையும் மறவாதீர்கள்.

யூடியூபின் ஏபிஐ (நிரல் மூலம் தரவு கேட்கும் வழி) ஒரு நாளைக்கு இயல்பாக 10,000 அலகு ஒதுக்கீடு தருகிறது. கருத்துப் பட்டியலின் ஒரு பக்கத்துக்கு 1 அலகு, ஒரு பக்கத்தில் 100 கருத்து வரை. ஆகவே எண்ணிக்கை ஒரு சிக்கலே அல்ல, தெரிவுதான் சிக்கல். கண்டபடி அள்ளினால் பரவலாகப் பகிரப்பட்ட ஒரே காணொளி பாதித் தரவை நிரப்பிவிடும். 60 காணொளி, ஒவ்வொன்றிலும் எழுந்தமானமாக 50 கருத்து என்று உச்ச வரம்பு வையுங்கள். காணொளி அடையாளம், கருத்து அடையாளம், திகதி, கை வைக்காத மூல உரை ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் வைத்து, அதை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் பிரதியில். அந்தந்தத் தளத்தின் நிபந்தனைகளை வாசித்து, உரையை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், பின்னர் உரையையே வெளியிடலாமா அடையாள எண்ணை மட்டுமா என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர் யாழ்ப்பாணத்தவரா என்று உறுதிசெய்ய வழியில்லை; ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எழுதுகிறார்கள், மட்டக்களப்பிலிருந்தும் எழுதுகிறார்கள். "கினம்" போன்ற விகுதிகளையோ "உது" போன்ற சொற்களையோ தேடிப் பொறுக்கினால் வழக்கு மிக அழுத்தமாக உள்ள கருத்துகள் மட்டுமே சேரும், முடிவு கோணிவிடும். காணொளி அடிப்படையில் எடுத்துவிட்டு, வழக்கு எது என்பதை லேபல் இடுபவரிடம் இரண்டாவது லேபலாகக் கேளுங்கள்: ஈழத்து வழக்கு, தமிழ்நாட்டு வழக்கு, சொல்ல முடியாது. மூன்றாவது வகை கணிசமாக இருக்கும். இருக்கட்டும்.

சுத்தம் செய்தல்

தமிழ் தெரியாத ஒரு கருவி தமிழைச் சத்தமில்லாமல் சிதைக்கும் இடம் இது. பிழைச் செய்தி எதுவும் வராது. எண் மட்டும் குறைந்து வரும்.

முதலில் யூனிகோட் இயல்பாக்கம். "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். எல்லா உரையையும் என்எஃப்சி என்ற, குறிகளை ஒன்றாகச் சேர்த்த யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். தீராதவை வேறு உண்டு. "கௌரவம்" என்பதை "கெளரவம்" என்று எகரக் குறியும் ளகரமும் இட்டு எழுதுவது மிகப் பரவல். என்எஃப்சி இதைத் தொடாது. ஒட்டுமொத்தமாக மாற்றினால் "மெள்ள" கெட்டுப்போகும், கெளிறு மீனும் கெட்டுப்போகும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பட்டியலிட்டு, கண்ணால் பார்த்து மாற்றுங்கள். காலுக்குப் பதில் ரகரம் தட்டியிருப்பது இன்னொரு வகை. கைபேசியிலிருந்து வரும் உரையில் அகலமில்லாத இணைப்பான், பிரிப்பான் குறியீடுகளும் ஒளிந்திருக்கும். அவற்றை நீக்கும்போது எமோஜி உடையாமல் பாருங்கள், ஏனென்றால் குடும்ப எமோஜி போன்றவை அதே இணைப்பானால்தான் ஒட்டியிருக்கின்றன. எமோஜியை அழிக்கவே வேண்டாம். உணர்வுக்கு அதுதான் பல வேளைகளில் ஒரே சாட்சி.

யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணம் ஏதாவது தரவுக்குள் வந்தால், அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். அங்கே அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. யூனிகோடுக்கு மாற்றும் முன் நிறுத்தற்குறிகளை நீக்கினாலோ எழுத்துகளைச் சின்னதாக்கினாலோ உரை திரும்பாது, ஏனென்றால் அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள். (நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் கொட்டிக் கிடக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றிற் பெரும்பாலானவை ஸ்கான் செய்த பக்கங்கள். அவற்றை உரையாக்குவது தனி ஆய்வு, இந்த ஆய்வுக்குள் இழுத்துவிடாதீர்கள்.)

அடுத்தது சொற்பிரிப்பு. பைதன் நிரல்மொழியின் இயல்பான ரெஜெக்ஸ் (உரையில் வடிவம் தேடும்) நூலகத்தில் "சொல் எழுத்து" என்ற வகைக்குள் தமிழ் உயிர்க்குறிகளும் புள்ளியும் வராது. சைக்கிட்-லேர்ன் என்ற பைதன் நூலகத்தின் டிஎஃப்-ஐடிஎஃப் கருவி (எல்லாக் கருத்திலும் வரும் சொல்லுக்குக் குறைவாகவும் அரிய சொல்லுக்குக் கூடுதலாகவும் எடை போடுவது) அந்த வகையையே இயல்பாகப் பயன்படுத்தி, இரண்டு எழுத்துக்குக் குறைந்த துண்டுகளைக் கழித்துவிடுகிறது. விளைவு: "யாழ்ப்பாணம்" என்ற முழுச் சொல்லிலிருந்து மிஞ்சுவது "ணம" மட்டும். இதைக் கவனிக்காமல், "மரபுவழி முறைகள் தமிழுக்குப் பொருந்தவில்லை" என்று முடிவெழுதும் அறிக்கைகள் உண்டு. சொற்பிரிப்பு வடிவத்தை இடைவெளி கொண்டு பிரிப்பதாக மாற்றுங்கள். எதை மாற்றினாலும் அகராதியில் உள்ள முதல் 50 சொற்களை அச்சிட்டு வாசித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பெருமளவு உரையில் முன்பே பயிற்றிய பெர்ட் வகை மொடல்களிலும் இதே நோய் உண்டு. பன்மொழி பெர்ட்டின் "அன்கேஸ்ட்" வடிவம் (பெரிய, சின்ன ஆங்கில எழுத்து வேறுபாட்டை அழிப்பது) உச்சரிப்புக் குறி என்று நினைத்துப் புள்ளியையும் ஈகாரக் குறியையும் உரித்துவிடும். "வீடு" அங்கே "வடு" ஆகும். "கல்வி" என்ன ஆகும் என்பதை வாசிப்பவரே புள்ளியை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கல்வி அமைச்சு பற்றிய செய்திகளில் ஓட்டாமல் விடுவது நல்லது. எப்போதும் அந்த வேறுபாட்டை அழிக்காத "கேஸ்ட்" வடிவத்தையே எடுங்கள், எடுத்த பின்னும் பத்து வாக்கியத்தைப் பிரித்து மீண்டும் சேர்த்துப் பாருங்கள்.

ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழைத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் தனி நிரலில் குறியுங்கள். வாழை, வாளை, வாலை மூன்றும் அங்கே ஒன்றாகிவிடுவதால் தானியங்கி எழுத்துப்பெயர்ப்பு புதுப் பிழைகளைக் கொண்டுவரும். முடிவுகளைத் தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் தனித்தனியாகச் சொல்வது போதும்.

ஒரு சிறு விடயம்: யூடிஎஃப்-8 சிஎஸ்வி கோப்பை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியக்கூடும். அப்படியே சேமித்தால் அது நிரந்தரக் குப்பை. லேபல் இடுபவர்களுக்கு கூகிள் ஷீட்ஸ் கொடுங்கள்.

லேபல் இடுதல்

விதிக் குறிப்பு இரண்டு முதல் நான்கு பக்கம் இருக்கட்டும். வகைகள் ஐந்து: பாராட்டு, குறை, இரண்டும் கலந்தது, கருத்தில்லை, விளங்கவில்லை. வகையின் பெயரை விட எல்லையில் நிற்கும் உதாரணங்கள் முக்கியம். "கூழ் அந்தமாதிரி, விலைதான் கொஞ்சம் கூட" என்றால் கலந்தது. இங்கே "அந்தமாதிரி" பாராட்டு, "கூட" குறை. "சரியான மோசம்" குறை. "சரியான" இங்கே அளவை ஏற்றுகிறதே தவிர மெச்சவில்லை. "ஓம் ஓம், நல்லாத்தான் சமைக்கினம்" நக்கல், ஆகவே குறை. ஆனால் முன்னால் உள்ள கருத்தைக் காட்டாமல் இதை எவராலும் சொல்ல முடியாது. எனவே காணொளித் தலைப்பும், பதிலாக எழுதியதென்றால் மேலே உள்ள கருத்தும் லேபல் இடுபவரின் திரையில் தெரிய வேண்டும்.

அதிகம் சண்டை வரும் இடம் புலம்பெயர்ந்தோர் எழுதுவது. "ஊர்ச் சாப்பாட்டைப் பார்க்க அழுகை வருது" என்பது துயரமா பாராட்டா? விதி இப்படி இருக்கட்டும்: எழுதியவரின் மனநிலைக்கு லேபல் இடுவதில்லை, காணொளியில் உள்ள பொருளைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்பதற்கே லேபல். அப்படிப் பார்த்தால் இது பாராட்டு. "நல்லூர்க் கந்தா" என்று மட்டும் இருந்தால் கருத்தில்லை. இந்த ஒரு விதியை முதலில் எழுதாமல் விட்டால் பாதி முரண்பாடு இதிலிருந்தே வரும்.

எல்லாவற்றையும் இருவர், ஒருவர் இட்டதை மற்றவர் பாராமல் லேபல் இட வேண்டும். முரண்படும் இடத்தில் மூன்றாமவர். மூவரும் ஒரே வகுப்பு நண்பர்களாக இருக்க வேண்டாம். தீவகத்திலிருந்தோ வடமராட்சியிலிருந்தோ ஒருவர், வயதில் மூத்த ஒருவர் இருந்தால் நல்லது. ஒரு கருத்துக்கு 20 செக்கன் என்று வைத்தாலும் 3000க்கு ஏறத்தாழ 17 மணித்தியாலம். ஒரு இருப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செய்விக்காதீர்கள், களைப்பில் எல்லாம் "கருத்தில்லை" ஆகிவிடும். கொடுப்பனவு கொடுங்கள், கொடுத்ததைக் கட்டுரையில் எழுதுங்கள்.

முதல் 100 கருத்தை முன்னோட்டமாகச் செய்து, முரண்பட்டவற்றை ஒன்றாக இருந்து கதைத்து, விதியைத் திருத்துங்கள். உடன்பாட்டை மீண்டும் அளக்கப் புதிய 100ஐ எடுக்க வேண்டும். கதைத்துத் தீர்த்த பழைய 100இல் அளந்தால் உயர்வாகத்தான் வரும்.

அளப்பதற்கு வெறும் சதவீதம் போதாது, தற்செயல் உடன்பாட்டைக் கழித்து அளக்கும் கோஹன் கப்பா வேண்டும். ஒரு கணக்கு: இரண்டே வகை, இருவரும் 70 வீதத்தைப் பாராட்டு என்கிறார்கள், 80 வீதம் ஒத்துப்போகிறது. தற்செயலாகவே ஒத்துப்போகும் அளவு 0.7×0.7 + 0.3×0.3 = 0.58. கப்பா (0.80 − 0.58) ÷ (1 − 0.58), அதாவது 0.52. 80 என்று மார்தட்டிய எண் நடுத்தரமாகிவிட்டது. 0.61 முதல் 0.80 வரை "கணிசமான உடன்பாடு" என்பது 1977இல் லாண்டிஸும் கோக்கும் முன்வைத்த வழக்காறு. 0.6க்குக் கீழே வந்தால் ஆட்களைக் குறை சொல்லாமல் விதியைத் திருத்துங்கள். மூன்றாமவர் தீர்த்து வைத்த இறுதி லேபலோடு, இருவரும் முதலில் இட்ட மூல லேபல்களையும் சேமித்து வையுங்கள். அவற்றை வைத்துத்தான் பின்னர் எந்த வகைகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன என்று பார்க்கலாம்.

பிரித்தல்

கருத்து வாரியாக எழுந்தமானமாகப் பிரித்தால் ஒரே காணொளியின் கருத்துகள் பயிற்சியிலும் பரீட்சையிலும் விழும். அந்தக் கடையின் பெயர் வந்தால் குறை என்று மொடல் மனப்பாடம் செய்துவிடும், எண் உயரும், விளங்கிக்கொண்டது ஒன்றுமில்லை. காணொளி வாரியாகப் பிரியுங்கள்: 36 காணொளி பயிற்சிக்கு, 12 சரிபார்ப்புக்கு, 12 பரீட்சைக்கு. அதற்கு முன் இரட்டிப்புகளை நீக்குங்கள்; ஐந்தெழுத்துத் துண்டுகளில் ஜக்கார்ட் ஒற்றுமை (இரண்டுக்கும் பொதுவான துண்டுகளின் பங்கு) 0.8க்கு மேல் போனால் இரண்டில் ஒன்றை எடுத்துவிடலாம்.

600 கருத்துள்ள பரீட்சைத் தொகுதியில் 80 வீதத் துல்லியம் வந்தால் அதன் 95 வீத நம்பிக்கை எல்லை ஏறத்தாழ ±3.2 புள்ளி. 200 என்றால் ±5.5. ஒரு புள்ளி முன்னேற்றத்தைக் கொண்டாடும் முன் இதை நினைக்க வேண்டும். இரண்டு மொடலை ஒப்பிட ஒரே பரீட்சைத் தொகுதியில் சோடி பூட்ஸ்ட்ராப் (மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து இரண்டையும் ஒப்பிடுவது) 10,000 தடவை ஓட்டுங்கள், அல்லது இரண்டில் ஒன்று மட்டும் சரியான இடங்களை எண்ணும் மெக்நீமர் சோதனை. பரீட்சைத் தொகுதியைக் கடைசி வரை திறக்க வேண்டாம்; தெரிவுகள் எல்லாம் சரிபார்ப்புத் தொகுதியில்.

மொடல்கள்

முதல் வரி எப்போதும் "எல்லாவற்றையும் பாராட்டு என்று சொல்" என்ற மொடல். ஐந்து வகையில் பாராட்டு 60 வீதம் என்றால் அதன் துல்லியம் 60, ஆனால் ஒவ்வொரு வகையையும் சமமாக எண்ணிச் சராசரி எடுக்கும் மக்ரோ எஃப்1 0.15 மட்டுமே. ஆகவே அறிக்கையின் முதன்மை எண் மக்ரோ எஃப்1 ஆக இருக்கட்டும்.

இரண்டாவது, எழுத்துத் துண்டுகளில் டிஎஃப்-ஐடிஎஃப், அதன் மேல் நேர்கோட்டு எஸ்விஎம் (வகைகளை ஒரு நேர் எல்லையால் பிரிக்கும் மொடல்). துண்டின் நீளம் 2 முதல் 5 குறியீடு, குறைந்தது இரண்டு கருத்தில் வந்திருக்க வேண்டும், சி மதிப்பு (பயிற்சிப் பிழையை எவ்வளவு தண்டிப்பது என்ற அளவு) 0.1, 1, 10 மூன்றையும் சரிபார்ப்பில் பாருங்கள். விகுதிக்கு மேல் விகுதி ஏறும் தமிழில் முழுச் சொல்லை விட இது நன்றாக வேலை செய்யும், எழுத்துப் பிழையையும் தாங்கும். மடிகணினியில் சில நிமிடத்தில் முடியும். சிறிய தரவில் இதை வெல்ல முடியாத பெர்ட் மொடல்களும் உண்டு. வெல்லாவிட்டால் அதையே எழுதுங்கள்.

மூன்றாவது, எக்ஸ்எல்எம்-ஆர் பேஸ், மியூரில் போன்ற முன்பயிற்சி மொடல்கள். கற்றல் வீதம் 0.00002, தொகுப்பளவு 16, உச்ச நீளம் 128, மூன்று முதல் ஐந்து சுற்று, முதல் 10 வீதப் படிகளில் கற்றல் வீதத்தை மெல்ல ஏற்றல். எக்ஸ்எல்எம்-ஆர் பேஸில் ஏறத்தாழ 27 கோடி அளவுருக்கள். ஆடம் என்ற பயிற்சி முறையில் ஒன்றுக்கு 16 பைட் நினைவகம் என்றால் 4.3 ஜிபி, அதன் மேல் இடைநிலைக் கணிப்புகள். கூகிள் கொலாபில் இலவசமாகக் கிடைக்கும் டி4 ஜிபியூவின் 16 ஜிபிக்குள் தாராளமாக அடங்கும். இணைப்பு அறுந்தாலோ மின்சாரம் போனாலோ அமர்வு போய்விடும், ஆகவே ஒவ்வொரு சுற்று முடிவிலும் மொடலையும் பதிவையும் கூகிள் டிரைவில் சேமியுங்கள்.

ஒவ்வொரு அமைப்பையும் ஐந்து வெவ்வேறு சீட் எண்ணில் (எழுந்தமானத் தெரிவுகளின் தொடக்க எண்) ஓட்டி, சராசரியும் நியம விலகலும் கொடுங்கள். சிறிய தரவில் ஏதோவொரு சீட் சரிந்து எல்லாவற்றையும் ஒரே வகை என்று சொல்லக்கூடும். அதை மறைத்து நல்ல நான்கை மட்டும் எழுதுவது ஏமாற்று. சரிந்ததைச் சொல்லி, சரிவுக்கான அடையாளமான பயிற்சி இழப்பு இறங்காமல் நின்ற வரைபடத்தையும் காட்டுங்கள். பைதன் நூலகங்களின் பதிப்பு எண்கள், சீட், தரவுக் கோப்பின் ஹாஷ் (கோப்பு மாறினால் மாறிவிடும் அடையாளம்) மூன்றும் ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவிலும் தானாக எழுதப்பட வேண்டும். கையால் குறித்தால் மூன்றாம் கிழமையில் நின்றுவிடும்.

எழுதுதல்

பிழையான 100 கணிப்புகளை எடுத்துக் கையால் வகைப்படுத்துங்கள்: நக்கல், வட்டாரச் சொல், கலந்த கருத்து, எழுத்துப் பிழை, லேபலே பிழை. கடைசி வகை எப்போதும் இருக்கும். அதன் பங்கைச் சொல்லுங்கள். கட்டுரையில் மற்றவர்கள் மேற்கோள் காட்டப்போவது இந்தப் பகுதியைத்தான், மொடல் அட்டவணை ஒரு வருடத்தில் பழசாகிவிடும்.

ஏசிஎல் என்ற கணினி மொழியியல் சங்கத்தின் மீளாய்வு முறைக்கு அனுப்புவதானால் சிறு கட்டுரை 4 பக்கம், நீண்டது 8. வரையறைகள் என்ற பகுதி கட்டாயம், அது பக்கக் கணக்கில் சேராது. திராவிட மொழித் தொழினுட்பப் பட்டறை இந்த அளவு ஆய்வுக்கு ஏற்ற இடம். இலங்கைக்குள் ஐசிடிஇஆர், மேர்கோன் மாநாடுகள் உள்ளன. பெயர் மறைத்து மீளாய்வு செய்யும் இடமென்றால் நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் இணைப்பில் உங்கள் பெயரும் பல்கலைக்கழகப் பெயரும் தெரியாமல் பாருங்கள்.

தரவை வெளியிடும்போது விதிக் குறிப்பு, இருவரின் மூல லேபல்கள், காணொளி வாரியான பிரிப்புப் பட்டியல், சுத்தம் செய்த ஸ்கிரிப்ட், உரிமக் கோப்பு ஆகியவை உள்ளே இருக்கட்டும். கருத்தின் சொந்தக்காரர் நீக்கச் சொன்னால் அறிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். மேற்பார்வையாளரின் அல்லது துறையின் முகவரியாக இருந்தால் நல்லது. மாணவர் முகவரி பட்டம் பெற்ற பின் மூடப்பட்டுவிடலாம்.